காரில் ஏசி குளிரவில்லையா? காரணம் கண்டுபிடிப்பதும், கேஸை எடை போட்டு ஏற்றுவதும்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் யாங்கோனில் ஏசி பட்டறைகளுக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே வேண்டுகோளோடுதான் வருகின்றன: "குளிரு பத்தல, கொஞ்சம் கேஸ் போட்டு விடுங்க." இந்த வேண்டுகோளை அப்படியே நிறைவேற்றுவதுதான், கேஸை அமுக்கிச் சுற்றவிடும் பல கம்ப்ரசர்கள் சாகக் காரணம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. அது மூடிய சுற்றுக்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறி ஓடுகிறது. ரப்பர் குழாய்களின் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் தப்புவது இயல்பு. அதனால் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஜப்பான் வண்டியில் 100 கிராம் குறைந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் போன சித்திரையில் ஏற்றிய கேஸ் இந்தச் சித்திரைக்குள் காணாமல் போயிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸ் நிறைவாக இருந்தும் குளிரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் மேலே மேலே கேஸ் போடுவது வைத்தியம் ஆகாது.

இங்கே சொல்லப்படுவது ஆர் 134ஏ கேஸில் ஓடும் வண்டிகளுக்கு. பர்மாவில் ஓடும் ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அண்மை ஆண்டுகளில் தயாரான சில மாடல்களில் ஆர் 1234ஒய்எஃப் இருக்கும். அது தீப்பற்றக்கூடியது, அதன் இணைப்பு வாயும் வேறு அளவு. அடாப்டர் மாட்டி அதில் 134ஏ ஏற்றவே கூடாது. பானெட்டுக்கு உட்புறம் ஒட்டிய ஸ்டிக்கரில் ஜப்பானிய எழுத்து புரியாவிட்டாலும் கேஸின் எண்ணும் கிராம் கணக்கும் எல்லோருக்கும் புரியும். சிறிய கார்களில் அந்தக் கணக்கு பெரும்பாலும் 350 முதல் 550 கிராமுக்குள் இருக்கும். பின்புறமும் ஏசி உள்ள வேன்களில் ஒரு கிலோவை நெருங்கும். அந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால், அதே மாடலும் எஞ்சின் எண்ணும் உள்ள வேறு வண்டியில் பாருங்கள். ஊகித்து ஏற்ற வேண்டாம்.

கேஜ் மாட்டும் முன்பே

எப்போது குளிர்கிறது, எப்போது குளிரவில்லை என்று ஓட்டுநரிடம் கேட்டாலே பாதிக் கோளாறு பிடிபடும்.

அதிவேகச் சாலையில் நன்றாகக் குளிர்ந்து, நகர நெரிசலில் நின்றதும் சூடான காற்று வந்தால் கேஸை மறந்துவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன் போங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரை ஆற்றுகிறது. நின்றால் அந்த வேலை முழுதும் ஃபேனின் தலையில் விழும். ஏசியை இயக்கியதும் ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தும் சுழலவில்லை என்றால், அல்லது கையால் தட்டினால்தான் சுழல்கிறது என்றால், உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது. சுழல்வது மட்டும் போதாது, வேகமும் வேண்டும். இதை உறுதிசெய்ய எளிய வழி: ஏசி ஓடிக்கொண்டிருக்கையில் கண்டென்சர் மேல் தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள். உடனே குளிர்ச்சி கூடினால் கேஸில் பிழையில்லை, கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைந்த தூசி வெளியிலிருந்து தெரியாது. டார்ச் அடித்து இடுக்கில் பாருங்கள். கழுவும்போது தண்ணீரின் வேகம் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் மெல்லிய தகடுகள் மடங்கி முன்பைவிட மோசமாகும்.

முதலில் நன்றாகக் குளிர்ந்து, ஒரு மணி நேரம் போன பின் காற்றின் அளவே குறைந்து, ஏசியை அணைத்துச் சற்று நேரம் விட்டால் மறுபடி சரியாகிறது என்றால், டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் (coil) பனிக்கட்டியாக உறைகிறது. வெப்பநிலை சென்சார் கெட்டிருக்கலாம், அல்லது கேபின் ஃபில்டர் அடைத்துக் காற்று போகாமல் இருக்கலாம். பெரும்பாலான ஜப்பான் கார்களில் அந்த ஃபில்டர் இடப்பக்க டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கழற்ற ஐந்து நிமிடம். யாங்கோன் தூசிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலும் அதிகமில்லை.

காலையில் ஓடி, மதியச் சூட்டில் கம்ப்ரசர் நின்றுவிட்டால், அதை எஞ்சினோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் மேல் சந்தேகப்படுங்கள். முன்தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழக்கமாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். தேய்மானத்தால் அது விரிந்துவிட்டால், சூடேறி வலுவிழந்த காந்தச் சுருளால் தட்டை இழுக்க முடியாது. நடுபோல்ட்டைக் கழற்றி உள்ளிருக்கும் மெல்லிய வளையங்களில் ஒன்றை எடுத்தால் இடைவெளி சரியாகும். இதற்குப் போய் முழுக் கம்ப்ரசரையும் மாற்றிவிட்ட வண்டிகள் உண்டு. சுருளின் மின்தடையை மல்டிமீட்டரில் பாருங்கள், 3 முதல் 5 ஓம் வரை இருந்தால் நல்லது.

மழைக்காலத்தில் இடப்பக்க இருக்கையில் இருப்பவரின் காலடி நனைந்தால் அது மழை நீராக இருக்க வேண்டியதில்லை. ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து அந்தக் குழாயைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

கேஜ் காட்டுவது

இரண்டு பக்க அழுத்தத்தையும் காட்டும் மேனிஃபோல்டு கேஜை மாட்டும் முன் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆர் 134ஏ திரவம் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். தடித்த குழாயில் உள்ள வாய் தாழ்வழுத்தத்துக்கு, மெல்லிய குழாயில் உள்ளது உயர்வழுத்தத்துக்கு. இரண்டின் விட்டமும் வேறு என்பதால் கேஜின் நீலக் குழாயும் (தாழ்பக்கம்) சிவப்புக் குழாயும் (உயர்பக்கம்) மாறி உட்காராது.

முதல் அளவை எஞ்சின் நின்று, எல்லாம் ஆறிய பின் எடுங்கள். இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். அந்த எண் வெப்பநிலையைப் பொறுத்தது: 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 30-இல் 97, 35-இல் 114, 40-இல் 133. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். உள்ளே ஒரு துளி திரவம் மிச்சம் இருக்கும் வரை முள் இதே எண்ணைத்தான் காட்டும். 150 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் மாற்றம் தெரியாது. ஆகவே 114 வருகிறது, கேஸ் நிறைவாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. எண் மிகக் குறைவாக இருந்தால் கேஸ் ஏறக்குறைய காலி. மேலே சொன்ன எண்ணைவிட அதிகமாக இருந்தால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது.

பிறகு எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, கதவுகளைத் திறந்து, ஊதுவிசையை உச்சத்தில் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். யாங்கோன் வெயிலில் 35 டிகிரியில் தாழ்பக்கம் 30 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்பக்கம் 200 முதல் 250 வரை நின்றால் இயல்பு. மாண்டலேயில் 40 டிகிரி வெயிலில் உயர்பக்கம் இன்னும் ஏறும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

இரண்டு பக்கமும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் முதலில் ஃபேனையும் கண்டென்சரையும் பாருங்கள், அடுத்து யாரோ அளவுக்கு மீறிக் கேஸ் ஏற்றியிருப்பார்களோ, காற்று கலந்திருக்குமோ என்று யோசியுங்கள். தாழ்பக்கம் அதிகம், உயர்பக்கம் குறைவு என்றால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது, எவ்வளவு கேஸ் போட்டாலும் பயனில்லை. தாழ்பக்க முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் வழியில் அடைப்பு. கேஸைச் சிறு துளை வழியே விடும் எக்ஸ்பான்ஷன் வால்விலோ, ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அது இருக்கும். குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போனால் சூடு திடீரென்று குளிராக மாறும் இடம்தான் அடைத்த இடம். சற்று நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு தாழ்பக்கம் வாக்கத்துக்கு (பூஜ்யத்துக்குக் கீழே) இறங்கி, அணைத்தால் சரியாகி மறுபடி அதே கதை என்றால் உள்ளே ஈரம் புகுந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் உறைகிறது. முந்தைய வேலையில் வாக்கம் போடாமல், அதாவது உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுக்காமல், கேஸ் ஏற்றியதன் பலன் இது.

பழைய வண்டிகளில் டிரையரின் தலையில் கண்ணாடி இருக்கும். குமிழி மறையும் வரை ஏற்று என்ற பழக்கம் ஆர் 12 காலத்தது. ஆர் 134ஏ-யில் சரியான அளவிலும் கொஞ்சம் குமிழி தெரியலாம். அது முற்றிலும் மறையும் வரை ஏற்றினால் அளவு மீறிவிடும்.

கசிவு

கசிந்த கேஸ் கம்ப்ரசர் ஆயிலையும் சேர்த்தே இழுத்து வரும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருத்த இடத்தைத் தேடுங்கள்: கம்ப்ரசரின் முன்சீல், குழாய் மூட்டுகள், கல் பட்டு அடிவாங்கும் கண்டென்சரின் கீழ்மூலைகள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், கேஜ் மாட்டும் சர்வீஸ் வாயில் உள்ள பின்னை (சிறு வால்வை) பாருங்கள். மூடியைக் கழற்றி ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி சொல்லிவிடும். மூடி தொலைந்த வண்டிகள் நம்மூரில் ஏராளம், அந்த மூடியும் ஒரு சீல்தான் என்று யாரும் நினைப்பதில்லை. மலிவான ஒரு பின்னுக்காக வருடா வருடம் கேஸ் ஏற்றுகிறவர்கள் உண்டு.

சுற்று முழுதும் காலியாக இருந்தால் ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ வரை கொடுத்துச் சோப்புத் தண்ணீரால் தேடுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரை எந்தக் காரணம் கொண்டும் மாட்டாதீர்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் கூடாது. அதில் ஈரம் இருக்கிறது, அழுத்தத்தில் காற்றும் 134ஏ-யும் கலந்தால் தீப்பற்றும் நிலை உண்டாகும். மெதுவாகக் கசியும் வண்டிக்கு யூவி சாயம் நல்லது. சில நாள் ஓட்டிவிட்டு இரவில் யூவி டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். கூலிங் காயில் கசிகிறதா என்று பார்க்க, தண்ணீர் வெளியேறும் குழாயின் நுனியில் எலெக்ட்ரானிக் டிடெக்டரை வையுங்கள். தண்ணீரிலேயே சாயம் தெரிந்தாலும் அதே பொருள்.

கசிவை அடைக்கும் மருந்து என்று டின்களில் விற்பதை வாங்க வேண்டாம். அவற்றில் சில, ஈரமோ காற்றோ பட்டால் இறுகும் வகை. அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் கேஜையும் பம்பையும் சேர்த்தே அடைத்துவிடும்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் கேஸை வானத்தில் விடாமல் ரெக்கவரி மெஷினால் இழுத்துச் சேமியுங்கள். எடைக்கு எடை, புவியைச் சூடேற்றுவதில் ஆர் 134ஏ கரியமில வாயுவைப் போல 1430 மடங்கு வலுவுள்ளது. மூடிய அறையில் திறந்துவிட்டால் தரையோடு படிந்து மூச்சை முட்டும், பக்கத்தில் நெருப்பு இருந்தால் நச்சு வாயுவாக மாறும்.

சிலிண்டரில் இருப்பது 134ஏ-தானா?

இதில் அலட்சியம் உயிருக்கே உலை. 2011-இல் வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட குளிர்சாதனக் கப்பல் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். 134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த கேஸ் அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது. அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப்பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கிவிடும். கார் ஏசியிலும் அலுமினியம்தான்.

சிலிண்டரை ஓர் இரவு முழுதும் நிழலில் விட்டு, காலையில் அதன் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளந்து மேலே சொன்ன எண்களோடு ஒப்பிடுங்கள். 30 டிகிரியில் 97-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 158 என்றால் அது வீட்டு ஏசியின் ஆர் 22. 80-ஐ ஒட்டி இருந்தாலும் தொடாதீர்கள், அது மெத்தில் குளோரைடாக இருக்கலாம். கலப்படக்காரர்கள் அழுத்தம் ஒத்துவரும்படியும் கலக்கிறார்கள் என்பதால் இந்தச் சோதனையில் தேறியது எல்லாம் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. கேஸ் வகை கண்டறியும் கருவி உள்ள பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுவது பாதுகாப்பு. சந்தை விலையைவிட மிகவும் மலிவாக யாரேனும் தந்தால் அதுவே எச்சரிக்கை.

ஆயில்

ஆயில் குறைந்தால் கம்ப்ரசர் இறுகும், கூடினால் குளிர் குறையும். பாகம் மாற்றினால் மட்டும் அதற்குரிய அளவைச் சேருங்கள்: கண்டென்சருக்கு 30–40 மில்லி, கூலிங் காயிலுக்கு 40–50, டிரையருக்கு 10–20. கம்ப்ரசர் மாற்றும்போது பழையதிலிருந்து வடிந்ததை அளந்து, புதியதிலும் அந்த அளவே இருக்கும்படி மிச்சத்தை வடித்துவிடுங்கள். பல ஜப்பான் வண்டிகளுக்கு பிஏஜி 46 என்ற ஆயில் பொருந்தும், சில கம்ப்ரசர்களுக்கு பிஏஜி 100. கம்ப்ரசரின் உடம்பிலேயே எழுதியிருக்கும்.

பிரியஸ், அக்வா போன்ற ஹைப்ரிட் வண்டிகளில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. உயர்வோல்ட் மின்சாரம் போகும் சுருள் அந்த ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. அதற்கு பிஓஇ வகை ஆயில் மட்டும்தான். சிறிதளவு பிஏஜி கலந்தாலும் மின்காப்பு கெட்டு வண்டியே நின்றுவிடலாம். சாதாரண வண்டிக்குப் பயன்படுத்திய கேஜ் குழாயில் ஒட்டியிருக்கும் ஆயில் போதும் இந்தச் சேதத்துக்கு, எனவே ஹைப்ரிட்டுக்குத் தனிக் குழாய்கள் வைத்திருங்கள். உயர்வோல்ட் மின்சாரம் போகும் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடவே வேண்டாம்.

வாக்கம்

சுற்றைத் திறந்து வேலை செய்திருந்தால் டிரையரையும் மூட்டுகளில் உள்ள ஓ-ரிங்குகளையும் (ரப்பர் வளையங்களையும்) மாற்றுங்கள். ஓ-ரிங்கில் கம்ப்ரசர் ஆயிலைத் தடவி மாட்டுங்கள், வெறுமனே மாட்டினால் முறுக்கிக் கிழியும்.

வாக்கம் போடுவது காற்றை எடுக்க மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்கவைத்து இழுக்கத்தான். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் வாக்கம் காட்டும் முள் 28.7 அங்குலப் பாதரசத்தைத் தாண்ட வேண்டும். சாதாரண கேஜில் 28-க்கும் 29-க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது, அதனால் நேரத்தைத்தான் நம்ப வேண்டும். வெயில் காலத்தில் 45 நிமிடம், ஆனி ஆடி மழையில் குறைந்தது ஒரு மணி நேரம். வாக்கத்தை நுட்பமாக அளக்கும் மைக்ரான் கேஜ் இருந்தால் 1000 மைக்ரானுக்குக் கீழே இறக்குங்கள். பம்பின் ஆயில் பால் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றாமல் ஓட்டினால் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் இழுக்காது.

தவுஞ்சியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 1400 மீட்டர் உயரம், காற்றழுத்தமே குறைவு. முள் 25-ஐ ஒட்டியே நின்றுவிடும். பம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

கரன்ட் போவது நமக்குப் பழகிய தொல்லை. பம்ப் நின்ற நொடியில், அதில் தடுப்பு வால்வு இல்லையென்றால், காற்றும் பம்ப் ஆயிலும் வண்டிக்குள் பின்னோக்கிப் பாயும். பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். கரன்ட் போனதும் மேனிஃபோல்டின் இரண்டு வால்வையும் மூடுங்கள், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி பம்ப் வேகம் பிடித்த பிறகு திறந்து, நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.

முடிந்ததும் வால்வுகளை மூடி, பம்பை நிறுத்தி, அரைமணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். அது விடாமல் ஏறினால் கசிவு. சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் மிச்சம், மறுபடி வாக்கம்.

கேஸ் ஏற்றுதல்

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் தொடங்காதீர்கள். சந்தைத் தராசு உதவாது. பர்மா வீசையில் (சுமார் 1.63 கிலோ) நூறில் ஒரு பங்கே 16 கிராமுக்கு மேல் வருகிறது, அந்தத் தராசில் ஒரு கோடு தவறினால் 450 கிராம் வண்டிக்கு அது சின்னப் பிழை அல்ல. கேஜ் முள்ளைப் பார்த்து ஏற்றுவதும் ஊகம்தான். கேஜ் கோளாறு கண்டுபிடிக்க, தராசு கேஸ் ஏற்ற.

1. சிலிண்டரை நிமிர்த்தித் தராசில் வைத்து மேனிஃபோல்டின் மஞ்சள் குழாயை அதில் மாட்டுங்கள். சிலிண்டரைத் திறந்து, மேனிஃபோல்டு முனையில் குழாயை ஒரு நொடி மட்டும் தளர்த்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். தராசைப் பூஜ்யமாக்குங்கள்.

2. எஞ்சின் நின்றிருக்க, தாழ்பக்க வால்வைத் திறங்கள். வாக்கம் தானே கேஸை இழுத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் மூடிவிட்டு, மூட்டுகளில் இன்னொருமுறை சோப்புத் தண்ணீர் வையுங்கள். கசிவு இருந்தால் இப்போதே தெரியட்டும்.

3. எஞ்சினை இயக்கி, ஏசியை உச்சக் குளிரிலும் உச்ச ஊதுவிசையிலும் வைத்து, கதவுகளைத் திறந்து, 1500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். தாழ்பக்க வால்வை மட்டும் சிறிது திறந்து மிச்சத்தை ஏற்றுங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்கட்டும். கவிழ்த்தால் திரவம் போகும், திரவத்தைக் கம்ப்ரசரால் அமுக்க முடியாது, உள்ளே வால்வு உடையும்.

4. எஞ்சின் ஓடும்போது சிவப்பு (உயர்பக்க) வால்வைத் திறக்காதீர்கள். 250 பிஎஸ்ஐ சிலிண்டருக்குள் திரும்பிப் பாயும். சிறிய டின் என்றால் கையிலேயே வெடிக்கும்.

5. கேஸ் போகப் போகச் சிலிண்டர் குளிர்ந்து ஓட்டம் மந்தமாகும். 40 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். நெருப்பு காட்டக் கூடாது. துணி தராசையும் எடையையும் பாதிக்கும், எடை பார்க்கும்போது எடுத்துவிடுங்கள்.

6. கடைசி 50 கிராமை மிக மெதுவாக விட்டு, ஸ்டிக்கரில் உள்ள எண்ணில் நிறுத்துங்கள்.

கம்ப்ரசர் இயங்கவே மறுத்தால் ஒயரை நேரடியாக இணைத்து ஓட்டத் தோன்றும். அதற்கு முன் அழுத்தத்தைப் பாருங்கள். பல டொயோட்டா வண்டிகளில் அழுத்தம் 28 பிஎஸ்ஐக்குக் கீழோ 455-க்கு மேலோ போனால் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயிலும் சுற்றாது, அதனால்தான் அந்தக் காவல்.

ஏற்றிய பின்

கதவுகளை மூடி, உட்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓட்டி, நடு வென்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். 35 டிகிரி புழுக்கத்தில் 9 முதல் 13 டிகிரி வந்தால் வேலை சரி. மழைக்கால ஈரத்தில் கூலிங் காயிலின் பலத்தில் பெரும்பகுதி காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கவே போய்விடும். வண்டிக்கு அடியில் நீர் ஒழுகுவது அதனால்தான். 5 டிகிரி வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறாரே என்று கூடுதலாக 100 கிராம் ஏற்றினால் வென்டில் குளிர் கூடாது, உயர்பக்க அழுத்தம்தான் கூடும். எஞ்சின் இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், நெரிசலில் சுவிட்ச் கம்ப்ரசரை அடிக்கடி நிறுத்தும்.

குழாய்களைக் கழற்றிய உடன் இரண்டு வாயிலும் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்து, மூடியை ஓ-ரிங்கோடு திருகுங்கள். பானெட்டின் உட்புறத்தில் தேதி, ஏற்றிய கிராம், ஆயிலின் வகை மூன்றையும் அழியாத மையில் எழுதிவையுங்கள். அடுத்த கோடையில் அந்த வண்டி குளிரவில்லை என்று வந்தால், உள்ளே இருக்கும் கேஸை இழுத்து எடை போட்டு இந்த எண்ணிலிருந்து கழியுங்கள். 20 கிராம் குறைந்திருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. 200 கிராம் குறைந்திருந்தால் கேஸ் ஏற்றுவதைத் தள்ளிவைத்துவிட்டு ஓட்டையைத் தேடுங்கள்.